எதைக் கொண்டுவந்தார்?

சாகஸப் பிரயாண நூல்களில் எனக்குத் தீராத ஆசை. பொதட்டூர்பேட்டையில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு தென்துருவத்துப் பனியில் நடப்பது செலவில்லாத இன்பம் அல்லவா? ஆனால் இவ்வகை நூல்களில் பெரும்பாலானவற்றை இரண்டாம் முறை எடுக்க மனம் வருவதில்லை. எவ்வளவு உயரம் ஏறினேன், எத்தனை நாள் பட்டினி கிடந்தேன் என்று ஆசிரியர் கணக்கு ஒப்புவித்தால் எத்தனை முறை கேட்பது? போனவர் எதைக் கொண்டுவந்தார் என்பதே என் கேள்வி.

செர்ரி காரார்ட் என்ற ஆங்கிலேயர் 1922-ல் வெளியிட்ட 'உலகிலேயே மிக மோசமான பயணம்' இதற்கு நல்ல விடை சொல்கிறது. 1911-ல், சூரியனே உதிக்காத துருவக் குளிர்காலத்தில், பெங்குவின் முட்டைகளைத் தேடி மூன்று பேர் ஐந்து வாரம் அலைந்தார்கள். குளிரில் இவருடைய பற்கள் பிளந்தன. கூடாரம் காற்றில் பறந்தது. மிஞ்சியவை மூன்றே முட்டைகள். லண்டன் மியூஸியத்தில் அவற்றை ஒப்படைத்துவிட்டு, ரசீதுக்காக நெடுநேரம் காத்துக் கிடந்ததையும் எழுதியிருக்கிறார். விஞ்ஞானத்துக்கு அந்த முட்டைகளால் பெரிய லாபம் இல்லை. கூடவந்த வில்ஸனும் பவர்ஸும் மறு ஆண்டே ஸ்காட்டுடன் பனியில் மாண்டார்கள். ஆயினும் நூலை மூடும்போது, அந்த இரண்டு நல்ல மனிதர்களுடன் பழகிய நிறைவு நமக்குக் கிடைத்துவிடுகிறது.

சாகஸம் வெள்ளைக்காரர்களுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த 1911-ல்தான் கோட்டையூரில் ஏ. கே. செட்டியார் பிறந்தார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது: காந்திஜியைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுக்கவேண்டும். உலகமெங்கும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றினார். 50,000 அடிப் படம் சேர்ந்தது. 1940-ல் படம் வெளியாயிற்று. அந்த அனுபவங்களை அவர் தமது 'குமரி மலர்' பத்திரிகையில் எழுதினார். அவர் மறைந்து இருபது ஆண்டுக்குப்பின், 2003-ல், ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக அவை வந்தன.

இந்த நூலை நெசவுத்தொழில் செய்யும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். திருப்பித் தந்தபோது அவர் கேட்டார்: "ஏன் சார், இந்தச் செட்டியார் எங்கேயுமே பயப்படலையா? கைக்காசு தீர்ந்துபோகலையா?"

நல்ல விமரிசனம். செட்டியாரின் நடை சுருக்கமானது. சந்தித்த மனிதர்களைப் பற்றிச் சொல்வார். உதவியவர்களை நன்றியோடு நினைப்பார். தம்மைப் பற்றி வாய் திறக்கமாட்டார். பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968-ல் நூலாக்கியவர் அவர். அந்த அடக்கம் பெரிய பண்புதான். ஆனால் நூலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் உண்டு. காரார்ட் தம் நடுக்கத்தைச் சொன்னதால்தான் மற்ற இருவரின் உறுதி நமக்குப் புலனாகிறது. செட்டியார் தம் கவலையை மறைத்துக்கொண்டதால், அந்த ஒரு லட்சம் மைலும் ஏதோ மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்குப் போய்வந்ததுபோல் தோன்றிவிடுகிறது. பயத்தைச் சொல்வது வேறு, பெருமை பேசுவது வேறு என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை போலும்.

இந்தக் குறையோடும் இவ்விரண்டில் நான் முதலில் சிபாரிசு செய்வது செட்டியாரைத்தான். மூன்று முட்டைக்கு ரசீது வாங்கிய கதை உலகப் புகழ் பெற்றது. 50,000 அடிப் படம் தேடிய கதையோ நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அந்தப் புஸ்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொல்லாமல் விட்ட பயங்களை நீங்களே ஊகித்துக்கொண்டு படியுங்கள்.