வெண்மணியை வாசித்தல்: தீர்ப்பும் புனைவும் காரணம் காட்டும் முறை

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழைத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் தீக்கிரையாயினர். அவர்களுள் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஆவர். கூலி நெல்லை உயர்த்தக் கோரியும், செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்தும் உழவுத் தொழிலாளர் நின்ற காலம் அது. இவ்வளவும் பதிவுகளில் உள்ளவை. 'ஏன் நிகழ்ந்தது' என்னும் வினாவுக்குப் பின்னர் வந்தோர் தந்த விடைகளில்தான் பொருள்கோடலின் அறப்பொறுப்பு சோதனைக்குள்ளாகிறது.

முதலில் விடை கூற வேண்டியிருந்தது நீதிமன்றம். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விடுதலைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. பெருநிலக்காரர்களும் அவர்களுள் கார் வைத்திருப்பவரும் தாமே நடந்துசென்று தீவைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை. ஏவலாட்களை அனுப்பிவிட்டுத் தாம் பின்னணியில் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது என்பது அதன் சாரம். குற்றம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பது சட்டத்தின் வினா. இலக்கியத் திறனாய்வு அதனைத் தீர்க்க இயலாது. ஆயின், அக்காரணம் கட்டப்பட்டுள்ள முறை ஒரு வாசிப்பே. செல்வர் எவ்வாறு நடந்துகொள்வர் என்னும் முன்முடிபு அங்கே அளவுகோலாகிறது. கண்டதாகச் சொன்னோரின் கூற்று அவ்வளவுகோலால் அளக்கப்படுகிறது.

இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் (1975) இந்நிகழ்வை அடியொற்றி எழுந்து, 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தில்லியிலிருந்து வரும் கோபால், சிவா ஆகிய படித்தவர்களின் பார்வை அதில் மேலோங்கியுள்ளது. நிலவுடைமையாளரான கண்ணையா நாயுடுவின் வன்மத்திற்கு அவருடைய ஆண்மைக்குறை வேராகக் காட்டப்படுகிறது. இவ்வுளப்பகுப்பாய்வு விளக்கம் வெளிவந்த நாள்தொட்டே கடும் மறுப்பைச் சந்தித்தது. மறுத்தோரின் வாதம் இன்றும் வலுவிழக்கவில்லை. கூலி மறுப்பு என்பது தனியொருவரின் நோயன்று. வட்டாரம் முழுவதும் அமைப்பாகத் திரண்ட ஒரு நலன். நெல் உற்பத்தியாளர் சங்கம் என ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எந்த உளவியலும் விடை தராது.

தீர்ப்பையும் நாவலையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். நோக்கத்தில் இரண்டும் எதிரெதிரானவை: ஒன்று விடுவிக்கிறது, மற்றொன்று குற்றஞ்சாட்டுகிறது. எனினும் இரண்டிலும் விளக்கத்தின் மையத்தில் நிற்பவர் நிலவுடைமையாளரே. அங்கே அவருடைய கார்; இங்கே அவருடைய உடல். எரிந்தோர் இரண்டிலும் விளைவாக மட்டுமே எஞ்சுகின்றனர்.

இதனைக் கொண்டு நாவலை முற்றாகத் தள்ளுவதும் பொறுப்பான வாசிப்பாகாது. காவல்துறை, அரசியல் கட்சி, நிலவுடைமை ஆகியவற்றின் பிணைப்பை அது அங்கதத்தோடு காட்டுகிறது. வெண்மணியைத் தமிழ்நாட்டிற்கு வெளியே அறியச் செய்ததிலும் அதற்குப் பங்குண்டு. புனைவுக்கு உரிமை இல்லையென்று எவரும் சொல்லார். ஆனால், வாசகர் உடனே அடையாளம் காணும் வகையில் அண்மை நிகழ்வொன்றை எடுத்தாளும் புனைவு, தான் படைக்கும் காரணத்திற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. அந்நிகழ்வை வேறெங்கும் படித்திராதவர்க்கு அப்புனைவே வரலாறாகிவிடுகிறது.

மறுத்தோரின் வாசிப்பிலும் ஒரு விடுபாடு உண்டு. 'விவசாயக் கூலிகள்' என்னும் சொல் நெடுங்காலம் 'சேரி மக்கள்' என்பதை மூடி மறைத்தது. தொண்ணூறுகளுக்குப் பின் எழுந்த தலித் திறனாய்வு, கூலிப் போர் என்று மட்டும் கூறினால் தீ ஏன் சேரியைத் தேடி வந்தது என்று கேட்டது. அரைப்படி நெல்லும் சாதியும் அவ்வூரில் தனித்தனிக் கணக்குகள் அல்ல. சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் (1999) வட்டார வழக்கில் தொழிலாளர் பக்கம் நின்று இதே களத்தைச் சொன்னபோது, விளக்கத்தின் மையம் இடம்பெயர்ந்தது. கலைத்திறத்தில் அது குருதிப்புனலுக்கு இணையா என்னும் விவாதம் இங்குத் தேவையற்றது.

தமிழ்த் துறைகளில் குருதிப்புனல் பெரும்பாலும் 'ஃபிராய்டியத் தாக்கம்' என்னும் ஒற்றைத் தேர்வு வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் கீழைத் தஞ்சையின் கூலி வரலாற்றையும் செந்நெல் நாவலையும் அதனோடு ஒரே பருவத்தில் பயிற்றத் தடையேதுமில்லை.