கிழக்கே திரும்புங்கள், நாவலூர்க்காரர்களே!

நாவலூரில் வீடு என்று சொன்னால் மயிலாப்பூர், மாம்பலம் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்க்கிறார்கள். "அவ்ளோ தூரமா? ஆபீஸ், வீடு, அதை விட்டா அங்க என்னப்பா இருக்கு?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் பெரியத்தை கேட்டே விட்டார். பாயசம் வந்துவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வடக்கே அரை மணி, தெற்கே முக்கால் மணி. இந்த எல்லைக்குள் பல்லவர் செதுக்கிய பாறை இருக்கிறது, ஓவியர்கள் தாங்களே காசு சேர்த்து வாங்கிக் குடியேறிய கிராமம் இருக்கிறது, அன்று காலை கரையேறிய வஞ்சரம் இருக்கிறது, லேப்டாப்பை விரித்து உட்கார அலைக்கு எதிரே மேசை இருக்கிறது. அண்ணா நகரில் இருக்கிறதா இதெல்லாம்? தி.நகரில்?

எங்கள் முகவரியே ஒரு வேடிக்கை. மாவட்டம் செங்கல்பட்டு, 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பின்கோடு 600130, ஆக தபால்காரருக்கு நாங்கள் சென்னை. சென்னைக்காரர்களுக்கோ 'சிட்டிக்கு வெளியே'. இந்த ரெண்டுங்கெட்டான் நிலைதான் எனக்குப் பிடித்தது. கடல் கிட்டத்தில்தான், ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் கிடப்பதால் ஓஎம்ஆரிலிருந்து நேரே ஈசிஆருக்குத் தாவ முடியாது. சோழிங்கநல்லூர் போய் அக்கரைக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் கேளம்பாக்கம் போய்க் கோவளத்துக்குத் திரும்பவேண்டும். எனக்கு இந்த இரண்டு திருப்பங்கள் போதும். நாவலூர் டோலும் 2023 அக்டோபரோடு எடுபட்டுவிட்டது. மெட்ரோ வேலைக்காக நடுச்சாலையில் அடைத்து வைத்திருக்கும் தகடுகளைப் பற்றி மட்டும் இப்போது பேசவேண்டாம், மனசு கெட்டுவிடும்.

முதலில் வயிறு. சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி விடியற்காலையிலேயே தள்ளுவண்டிகள் தயாராகிவிடுகின்றன. இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிய வருகிறவரும், காலை ஷிப்டுக்குத் தலை ஈரம் காயாமல் போகிறவரும் ஒரே கல்லுக்கு முன்னால் தட்டேந்தி நிற்பதை இங்கேதான் பார்க்கலாம். ஒருவருக்கு அது ராத்திரிச் சாப்பாடு, இன்னொருவருக்குக் காலை டிபன். எனக்குப் பிடித்த வண்டிக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. வடகறிக்காகவே போவேன். கடலைப்பருப்பு வடையை அரைவேக்காடாகப் பொரித்து, கையால் உதிர்த்து, சோம்பும் பட்டையும் தாளித்த குழம்பில் போட்டு ஊறவிடுகிறார் அந்த அண்ணன். முழுசாகக் கரைந்துவிடக் கூடாது, ஓரம் மட்டும் மொறுமொறுப்பாக நிற்கவேண்டும். நின்றது. செட் தோசையின் பஞ்சுக்குள் அந்தக் குழம்பு இறங்கும் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும், எனக்கு இருந்ததே இல்லை.

மதியம் என்றால் ஆந்திரா மெஸ். ஓஎம்ஆரில் தெலுங்குப் பிள்ளைகள் குவிந்ததால் நமக்குக் கிடைத்த வரம் அது. பருப்புப்பொடி, நெய், கோங்குரா, வேண்டும் வேண்டும் என்கிற வரைக்கும் பப்பு. இரவில் பரோட்டா மாஸ்டர்களின் ராஜ்ஜியம். கொத்து போடும் சத்தம் கேட்டாலே கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். கூடவே ஒரு கலக்கி, முட்டை பாதி வெந்தும் பாதி வேகாமலும், மிளகு தூக்கலாக. கோடையில் தாழம்பூர் ரோட்டோரம் நுங்கு. இதற்கு மேல் ஏசி போட்ட உணவகங்கள் எத்தனையோ திறந்திருக்கின்றன, திறந்த வேகத்தில் பாதி மூடியும் விடுகின்றன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. சினிமாவுக்கு ஏஜிஎஸ் இருக்கிறது, பாப்கார்ன் இருக்கிறது, அவ்வளவுதான்.

சிப்காட்டுக்குப் போனால் டிசிஎஸ் கட்டடத்தைக் கழுத்தை வளைத்துப் பாருங்கள். அதை வரைந்தவர்களில் ஒருவர் உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட். பாரீஸில் பஸ்தீல் ஓபெரா அரங்கத்தை வரைந்த அதே மனிதர்! வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல வரிசையாக நிற்கும் கட்டடங்கள். பாரீஸுக்குப் போய் செல்ஃபி எடுக்கிறவர்கள் உண்டு. இங்கே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினம் உள்ளே போய்வருகிறவர்களுக்கே அந்தக் கட்டடம் யார் கைவேலை என்று தெரியாது.

வேலை பார்க்க இடம்? என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், வாரத்தில் சில நாள்தான் ஆபீஸ். மற்ற நாட்களில் ஃபிளாட்டில் உட்கார்ந்தால் மேல்மாடியில் டைல்ஸ் அறுப்பார்கள், கீழே குக்கர் விசிலடிக்கும். ஓஎம்ஆரில் நாள் வாடகைக்கு மேசை தரும் இடங்கள் நிறைய உண்டு. குளிர், காபி மெஷின், கண்ணாடித் தடுப்பு எல்லாம் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே அச்சு. அதனால் அவசர வேலை இல்லாத நாளில் நேரே கோவளம்.

கேளம்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பியதுமே காற்று மாறும். இரண்டு பக்கமும் உப்பளமும் கழியும். குளிர்காலத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். வண்டியை ஓரங்கட்டாமல் அந்த ரோட்டைக் கடப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது, அந்தப் பகுதி பளிச்சென்று இருக்கும். ஆனால் எனக்கு மீனவர் குப்பத்தின் பக்கம்தான் உயிர். கோவளம் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய சர்ஃபிங் பள்ளி இங்கேதான். குப்பத்துப் பிள்ளைகள் அலைமேல் எழுந்து நிற்கிற லாவகத்தைப் பார்த்தால் உட்கார்ந்தே வேலை பார்க்கிற நம் முதுகு தன்னால் நிமிரும். அலைக்கு எதிரே சர்ஃப் டர்ஃப் கஃபேயில் உட்கார்ந்து பக் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். கடுமையான பக் கூட அங்கிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும். என் மேனேஜர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

காலையில் சீக்கிரம் போனால் படகுகள் வந்துசேரும் நேரம். மணலிலேயே ஏலம். விற்கிற அக்காக்களிடம் பேரம் பேசத் தெரியவேண்டும், எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் அது தெரியும்.

"அக்கா, இது நேத்து மீனா?"

"செவுளைத் தூக்கிப் பாரு தம்பி. ரத்தமாட்டம் செவப்பா இல்ல? நேத்து மீன விக்க நான் இன்னாத்துக்கு வெயில்ல குந்தினு கெடக்கறேன்?"

தூக்கிப் பார்த்தேன். சிவப்புதான். சங்கரா வாங்கினால் குழம்பு, நெத்திலி என்றால் வறுவல், கடம்பா கிடைத்தால் மிளகு போட்டுப் பிரட்டல். வீட்டுக்கு எடுத்துப்போகப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஈசிஆர் ஓரக் கடைகளில் மசாலா தடவி அடுக்கிய தட்டுகள் வரிசையாக இருக்கின்றன. விரலால் காட்டினால் போதும், கல்லில் விழும்.

கோவளத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் வந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் திறந்தது. டெபோரா தியாகராஜன் கண்ட கனவு, லாரி பேக்கரின் கை பட்ட வளாகம். இடிபட இருந்த பழைய வீடுகளை ஓடு ஓடாக, தூண் தூணாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிப் பட்டு நெசவாளர் வீடு, புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் மரவீடு, ஆந்திரக் கடலோரத்து வட்டமான சுட்டில்லு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இல்லாத நாளில் செட்டிநாட்டுத் திண்ணையில் முதுகு சாய்த்து உட்கார்ந்து பாருங்கள். தூணின் மழமழப்பு முதுகில் படும், முற்றத்து வெளிச்சம் மெல்ல நகரும். மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதே' பலகையும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இங்கே தொடுவதற்குத்தான் எல்லாமே. வரிஜா கேலரியில் எப்போது போனாலும் ஏதாவது ஒரு கண்காட்சி மாட்டியிருக்கும்.

இன்னும் வடக்கே, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இதன் கதை எனக்குத் திகட்டுவதே இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் தொடங்கியது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். ஆகவே பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், அந்தக் காசில் கடலோர மணல்காட்டை வாங்கினார்கள், ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். சர்க்கார் பணமும் இல்லை, பணக்காரப் புரவலரும் இல்லை. வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். ஐடி வேலைக்கு நடுவே ராத்திரியில் படம் வரைகிற என் நண்பர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் கதை இதுதான்.

2009-இல் இங்கே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் எழுத்து போல இருக்கும், வாசிக்கப் போனால் எழுத்தே இல்லை. ஜாதகக் கட்டம் போல, கணக்கு நோட்டு போல, பாட்டியின் மளிகைச் சீட்டு போல. அவர் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் நேருக்கு நேர் நம்மைப் பார்த்து நிற்கும், திருவாசிக்குள் நிற்கும் கிராமத்துச் சாமி மாதிரி. செம்பும் பித்தளையும் பற்றவைத்த தழும்புகளை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். கிட்டத்தில் போய் அந்தத் தழும்புகளைப் பாருங்கள், அவர் கை எங்கே வேகமாகப் போனது, எங்கே நின்றது என்பது வரை தெரியும். நவீன ஓவியம் புரியாது என்று சொல்கிற யாரையும் நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன்.

தெற்கே போவோம். மாமல்லபுரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் போய் வந்தது. அதுதான் பிரச்சினை! பேருந்திலிருந்து இறங்கி, கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையைத் தோளால் தாங்குகிற மாதிரி போட்டோ எடுத்து, சுண்டல் தின்று திரும்பினோமே தவிர எதைப் பார்த்தோம்?

அர்ச்சுனன் தபசு பாறை முன்னால் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். டிக்கெட் கூடத் தேவையில்லை, ரோட்டோரம்தான். அது அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். நீங்கள் யானைகளின் காலடியைப் பாருங்கள், ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையைப் பாருங்கள், அதை நம்பிக் கும்பிடுகிற எலிகளைப் பாருங்கள். பிறகு அந்த மானைத் தேடுங்கள். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். தேவர்களும் கந்தர்வர்களும் பறந்து வருகிற மகா சம்பவத்தின் நடுவே, மூக்கு அரித்ததால் சொறிந்துகொள்கிற ஒரு மான்! அதைச் செதுக்கிய சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது, ஆனால் காட்டில் மணிக்கணக்காக மானைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் சிறுசேரி தாண்டினால் பார்க்கலாம் அந்தக் காட்சியை.

அந்தக் கை இன்னும் ஓயவில்லை என்பதுதான் இந்த ஊரின் பெருமை. ஐந்து ரதம் போகிற தெருவில் பட்டறைக்குப் பட்டறை கல் உடைகிறது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. குமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். பட்டறை ஒன்றில் நின்று பார்த்தேன். கல்லில் காவிக்கோடு போட்டிருந்தது. இளைஞர் ஒருவர் உளியை அரை விரற்கடை சாய்த்துப் பிள்ளையாரின் துதிக்கை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தார். கரடு நீக்க மெஷின், மடிப்புக்கும் கண்ணுக்கும் உளிதான். "மிஷினுக்குக் கல்லு பேசறது கேக்காது சார்" என்றார். கல்லைத் தட்டிச் சத்தத்தை வைத்து ஆண் கல், பெண் கல் பிரிக்கிற மரபு இவர்களுடையது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாக்கல்லில் செய்த குட்டி யானை ஒன்று இப்போது என் மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கால் ஓய்ந்தால் ஒத்தவாடைத் தெரு. வெளிநாட்டுக்காரர்களை நம்பி வளர்ந்த தெரு, மாடி மாடியாக உணவகங்கள். மீனைத் தட்டில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் சமைக்கப் போவார்கள். பூண்டும் வெண்ணெயும் போட்ட இறால் பிரமாதம். ஆனால் விலை கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள், எடைக்கு விலை என்றால் தட்டு பெரிதாகத்தான் வரும்.

திரும்பும் வழியில் சாளுவன்குப்பம். புலிக்குகையைச் சுற்றிப் பல்லைக் காட்டும் யாளித் தலைகளைப் பார்த்து வருகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் முருகன் கோயிலை விட்டுவிடுகிறார்கள். 2004 சுனாமி மணலைப் புரட்டிப்போட்டதில் கல்வெட்டு தலைகாட்ட, அதைப் பிடித்துத் தோண்டியபோது அடியில் செங்கல் கோயிலே கிடைத்தது. கல்லால் ஆன வேலும் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அங்கே என்னைத் தவிர ஓர் ஆடு மட்டும்தான்.

இந்தச் சனிக்கிழமையாவது கார்ச் சாவியை எடுத்ததும் மத்திய கைலாஷ் பக்கம் திருப்பாதீர்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், ஆகவே மாமல்லபுரத்துக்கு விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான், ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.