கால்ட்வெல் அத்தியட்சரும் ஈழம் பற்றிய அவர்தம் கருத்துகளும்

இராபர்ட் கால்ட்வெல் அத்தியட்சரைப் பற்றித் தமிழில் எழுந்தவை பெரும்பாலும் பாராட்டுரைகளே. அவர் 1814இல் அயர்லாந்திற் பிறந்தார். 1838இல் இலண்டன் மிசனரிச் சங்கத்தின் சார்பிற் சென்னையை அடைந்தார். 1841இல் ஆங்கிலத் திருச்சபையிற் குருவாகி இடையன்குடிக்குச் சென்றார். 1877இல் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1891இற் கொடைக்கானலில் மறைந்தார். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. சமயப்பணியையும் மொழியாராய்ச்சியையும் வெவ்வேறாகப் பிரித்து, முன்னதை மறந்து பின்னதைப் போற்றுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பொருத்தமானதாகத் தோன்றவில்லை.

1849இல் அவர் வெளியிட்ட சிறுநூலொன்று, பனைத்தொழில் செய்த நாடார் சமூகத்தவரை அன்றைய வழக்குப்பெயராற் சுட்டி, அவர்தம் சமயத்தையும் ஒழுக்கத்தையும் தாழ்வாக மதிப்பிட்டது. அவர்கள் ஈழத்தின் வடகரையிலிருந்து குடிபெயர்ந்தோர் என்பது அந்நூலின் கருத்துகளுள் ஒன்று. தமக்குப் பேச்சுத் தமிழைக் கற்பித்த மக்களையே அவர் அவ்வாறு எழுதினார் என்பதை எளிதிற் கடந்துபோக இயலாது. 1857இற் சட்டாம்பிள்ளை தலைமையிற் பிரிந்து தனிச்சபை கண்டோரின் மனக்குறைகளுள் இந்நூலும் ஒன்றாக இருந்தது. எதிர்ப்பு வளர, பிற்காலத்தில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

1856இல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வேறொரு தளத்தில் நிற்பது. திராவிட மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல என்பதை எல்லிசு 1816இலேயே எடுத்துரைத்தார். எனினும் அதனை ஒலி, வேர், வேற்றுமை, வினை என்று நிறுவிக்காட்டியவர் கால்ட்வெல்லே. தோடம், கோண்டி முதலிய எழுத்தில்லா மொழிகளுக்கும் அவர் சான்றுநிலை வழங்கினார். மக்களைத் தாழ்வாக எழுதிய அதே கை மக்கள் பேச்சை உயர்வாக மதித்தது! இம்முரணே அவரை ஆராய்வார்க்குரிய உண்மையான வினா.

ஈழத்தைப் பொறுத்தமட்டில் இன்னொரு குறையும் உண்டு. தமிழ் வழங்கும் எல்லையை வரையறுக்குமிடத்து அவர் இலங்கையின் வடக்கையும் வடமேற்கையுமே சுட்டுகின்றார். கொட்டியாரக்குடாவின் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல் முதலிய ஊர்களும் அவற்றுக்கப்பால் மட்டக்களப்பும் அவ்வரையறையுள் அடங்கவில்லை. 'பற்று' என்று நிலப்பிரிவைக் குறிக்கும் சொல்லை ஊர்ப்பெயரிலேயே தாங்கி நிற்கும் பகுதி இது. இடையன்குடியிலிருந்து நோக்கியவருக்கு மன்னார்க்கடலுக்கு இப்பாலுள்ள கரையே கண்ணிற்பட்டது போலும். கிழக்கிலங்கைப் பேச்சுவழக்கு மொழியியலாரின் கவனத்தைப் பெறச் சுவெலபில் போன்றோரின் காலம்வரை, ஏறத்தாழ நூறாண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

இக்குறைகளை அறிய அவருடைய நூலை முழுமையாகக் கற்றல் வேண்டும். ஆனால் அவர் மறைவுக்குப்பின் 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற் பறையர் திராவிடரா என ஆராயும் பகுதி உட்படச் சில பகுதிகள் நீக்கப்பட்டன. பல்லாண்டுகளாக நாம் கற்றதும் மேற்கோள் காட்டியதும் அப்பதிப்பையே. நீக்கப்பட்டவற்றையும் உள்ளடக்கிய பதிப்பு 2008இலேயே தமிழகத்தில் மீண்டும் அச்சேறியது.