கடைசித் தண்ணீரின் மீன்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சித்திரை பிறந்து ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் சேதி பரவத் தொடங்கும். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். இன்ன ஊர் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடித் திருவிழா. விடிவதற்குள் கரை நெடுக டூவீலர்கள் நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். கச்சா, ஊத்தா, பரி, கொசுவலை, பழைய சேலை, எதுவும் இல்லாதவனுக்கு இரண்டு கை. கால்கள் மிதிக்க மிதிக்கச் சேறு கலங்கி, மூச்சு முட்டிய கெண்டை வாயை மேலே தூக்கும். அது தலையைக் காட்டிய இடத்தில் இருபுறமும் திறந்த ஊத்தாக் கூடை இறங்கும்; மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுத்துப் பைக்குள் போட வேண்டியதுதான். வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் பத்திரிகையில் சாதி, மத பேதமின்றி மக்கள் திரண்டார்கள், வீடெல்லாம் மீன் குழம்பு மணந்தது என்று ஆண்டுதோறும் அச்சுப் பிசகாத அதே செய்தி. அந்த ஒற்றுமையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வழக்கத்தின் நிஜமான பலம் அதன் விதிகளில் இருக்கிறது, அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. துண்டு விழும்வரை தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. இழுவலை கூடாது. பிடித்ததை விற்காமல் சமைத்துத் தின்ன வேண்டும் என்பதும் பல ஊர்களில் உண்டு. அப்போதுதான் மழை பெய்து ஏரி நிறையும் என்பது நம்பிக்கை. மழை வருமோ வராதோ, வியாபாரி லாரியோடு வந்து நிற்பதை இந்த நம்பிக்கை தடுத்திருக்கிறது. காவல்காரனும் அபராதமும் இல்லாமல் ஆயிரம் பேர் ஒரு துண்டுக்குக் கட்டுப்படுவது சின்ன விஷயமா?

இனி மறுபக்கம். ஏரி பொது என்கிறோம். மீன் பொது இல்லை. பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை, அதாவது மீன்பாசிக் குத்தகை, ஏலத்தில் போகிறது. குத்தகைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. திருவிழா நடக்கும் சித்திரை முதல் ஆனி பாதி வரையிலான நாட்கள் அந்தக் குத்தகையின் வால் பகுதி. அதற்குள் குத்தகைதாரர் இழுவலை போட்டு, எடையுள்ள மீனை எடுத்து விற்றிருப்பார். ஊருக்குத் திறந்துவிடப்படுவது பெரும்பாலும் அவர் வலைக்குத் தப்பிய மிச்சம். ஊரே பணம் போட்டுக் குஞ்சு விட்டு, குத்தகைக்கு விடாமல் காத்து, பிறகு திறக்கும் கிராமங்களும் இருக்கின்றன. அவற்றின் திருவிழாவுக்குத்தான் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மீனின் வகையில் இருக்கிறது. திருவிழாவை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் ஒன்று: ஏரி வற்றப்போகிறது, மீன் எப்படியும் சாகும், கொக்கு தின்பதை மனிதன் தின்றால் என்ன? கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இந்த வாதம் சரி. அவை வடக்கே கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும், நம் ஏரியின் நிலைத் தண்ணீரில் இனம் பெருக்காது. 1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசி வழியே செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சுகள் ஊர் ஊராகப் பரவின. ஆண்டுதோறும் புதுக் குஞ்சு விட்டாக வேண்டிய மீனைக் கடைசி ஒன்றுவரை பிடித்தாலும் அடுத்த ஆண்டுக்கு நஷ்டமில்லை.

விரால் அப்படியல்ல. குரவையும் தேளியும்கூட அல்ல. இவை காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் மீன்கள். அதிலும் விரால், தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். புதுத்தண்ணீர் வந்ததும் கரையோரப் புல்லில் முட்டையிட்டு, செக்கச்சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் சுற்றும். ஆக, வற்றும் ஏரியில் பிழைக்கக்கூடிய மீன் இதுதான். கூட்டம் சேற்றைத் துழாவித் துழாவித் தேடுவதும் இதைத்தான், ஏனென்றால் ருசியும் விலையும் அதற்கே. எப்படியும் சாகும் மீன் என்ற வாதம் விராலிடம் செல்லாது. அந்தச் சேற்றில் கிடப்பது அடுத்த ஆண்டின் விதை.

பச்சைமலை ஓடைகளையும் வானத்தையும் நம்பியிருக்கும் பெரம்பலூர் ஏரிகளில் இந்த இழப்பு சீக்கிரம் ஈடாவதில்லை. அரியலூரின் தென்பகுதிக்குக் காவிரியின் புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரோடு மீனும் வந்து சேர வழியிருக்கிறது. அந்தத் தண்ணீர் நிரப்பும் கரைவெட்டிப் பறவைகள் சரணாலய ஏரி 2024-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரைவெட்டியைச் சுற்றியுள்ள சிற்றேரிகளின் கடைசித் தண்ணீருக்குப் பறவைகளும் பங்காளிகள்.

இதே காவிரியின் மேல்பகுதியில், கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில், நேர் எதிரான ஒரு மீன்பிடிப்பு நடந்தது. வசதியுள்ளவர்கள் பணம் கட்டி வருவார்கள். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வழிகாட்டிகளாகப் பரிசல் தள்ளி மடுவைக் காட்டுவார்கள். தூண்டிலில் விழுந்த மகசீரை எடை போட்டு, குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். மீன் குழம்புக்குப் போகாத மீன்பிடிப்பு நம் ஊரில் எடுபடாது; எனக்கும் அதில் பெரிய மயக்கம் இல்லை. சரணாலயத்துக்குள் மீன்பிடிப்பதும் வேட்டைதான் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த முகாம்களில் தூண்டில் போடுவது 2012-ஓடு நின்றுபோனது. ஆனால் தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. கலிபோரில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்களின் பதிவை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும், காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகியதும் தெரிந்தது. அந்த மீனுக்கு 2018-ல்தான் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது.

நம் திருவிழாவில் எத்தனை ஆயிரம் பேர் இறங்கினார்கள் என்பது செய்தியாகிறது. என்ன மீன், எத்தனை, போன முறை கிடைத்த உளுவையும் ஆராலும் இந்த முறை உண்டா என்று யாரும் குறிப்பதில்லை. பகிர்ந்து கொள்வதில் முகாமைவிட நம் வழக்கம் எவ்வளவோ மேல். எடுப்பது என்னவென்று தெரிந்து எடுப்பதில் அது முகாமுக்குப் பக்கத்தில்கூட வராது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மடையை ஒட்டிய ஆழமான பள்ளம் ஒன்றை விராலுக்கென்று விட்டு, சுற்றி முள் வெட்டிப் போட்டு, அங்கே மட்டும் இறங்கக் கூடாது என்று ஊர் சொன்னால் போதும். ராத்திரியில் எவனாவது இறங்குவான் என்பார்கள். வற்றும் ஏரியில் துண்டு விழும்வரை மாதக்கணக்கில் கைவைக்காமல் இருக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாததல்ல. குத்தகைதாரரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். அதற்கு ஏல நிபந்தனையிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். கரையில் உட்கார்ந்து வகைவாரியாகக் குறிக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் போதும்.

ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சுகிறது. வளர்க்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி பண்ணைகளிலிருந்து தப்பி ஏரிகளுக்குள் வந்திருக்கிறது. அதுவும் காற்றை இழுத்துச் சேற்றில் பிழைக்கும். கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் விழுங்கும். விராலுக்கு விடும் பள்ளம் அதற்கும் பள்ளம்தான். திருவிழா முடிந்த கையோடு, நாட்டுக் கெளுத்தியையும் தேளியையும் இந்த அந்நிய மீனிலிருந்து பிரித்தறியத் தெரிந்த இரண்டு மூன்று பேர் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அப்படிப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.