ஒளியின் வீச்சும் காலமும்: நாட்டிய அரங்க ஒளியமைப்புக் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய நாட்டிய அரங்கில் ஒளி துடிக்கிறது, அலைகிறது, சுழல்கிறது. அவ்வசைவின் வீச்சையும் வேகத்தையும் தனித்தனியே ஆளும் வசதி ஒளிக்கட்டுப்பாட்டுப் பலகைகளில் உள்ளது. தென்சென்னைப் புறநகர் அரங்குகளை முன்வைத்து, ஒளியின் வேகம் நட்டுவாங்கத்திற்குக் கட்டுப்பட வேண்டும் என்றும், வேகம் கூடுந்தோறும் வீச்சுக் குறைய வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளியமைப்பு, வீச்சு, வேகம், காலம், ஆவர்த்தனம், அரங்கேற்று காதை.

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அகலம் ஏழுகோல், நீளம் எட்டுக்கோல், உயரம் ஒருகோல் என வரையறுக்கிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு அமைந்ததையும் சொல்கிறது. தண்ணுமையாசிரியனின் இலக்கணம் அங்குத் தனியே கூறப்படுகிறது. ஆக, அக்காதையில் ஒளி இடம் சார்ந்தது. காலம் தண்ணுமை சார்ந்தது. இன்றைய அரங்கில் ஒளிக்கும் ஒரு காலம் வந்துவிட்டது. அதனை வகுப்பவர் யார்? ஒளியைப் பற்றிய நம் விமர்சனங்கள் பெரும்பாலும் நிறத்தோடும் குறியீட்டோடும் நின்றுவிடுவதால் இவ்வினா எழுப்பப்படாமலே இருக்கிறது.

வீச்சும் வேகமும்

ஒரு விளக்கின் அடிப்படை ஒளிர்வு 50 விழுக்காடு எனக் கொள்வோம். அது 30க்கும் 70க்கும் இடையே அலைந்தால், நடுநிலையிலிருந்து விலகும் 20 விழுக்காடே வீச்சு. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அலைகிறது என்பது வேகம். ஒன்றை மாற்றாமல் மற்றொன்றை மாற்ற முடியும். இரண்டையும் வெவ்வேறு ஃபேடர்களில் ஏற்றிக் கையால் ஆளவும் முடியும். கிராண்ட்எம்ஏ போன்ற பலகைகளில், தாளத்தைக் கேட்டபடி ஒரு பொத்தானைத் தட்டியே வேகத்தைக் கற்பிக்கலாம்.

வீச்சுக்கு எல்லை உண்டு. அடிப்படை ஒளிர்வு 90 ஆக இருக்கும்போது அதே 20 விழுக்காட்டு வீச்சைக் கொடுத்தால் அலையின் உச்சி 100இல் முட்டித் தட்டையாகிவிடும். மென்மையாக ஏறி இறங்க வேண்டிய ஒளி அங்கே சற்று நின்று பின் இறங்கும்.

மூன்று காலங்கள்

பரதநாட்டிய வர்ணத்தில் இடம்பெறும் திரிகாலத் தீர்மானம் இச்சிக்கலுக்குத் தக்க சான்று. நிமிடத்திற்கு 60 அட்சரம் எனில், அட்சரத்திற்கு ஒரு துடிப்பாக முதற்காலத்தில் 60, இரண்டாங்காலத்தில் 120, மூன்றாங்காலத்தில் 240 துடிப்புகள் அமையும். பலகையில் இது 100, 200, 400 விழுக்காடு. நடைமாற்றத்தையும் இவ்வாறே கணக்கிடலாம்: சதுசிரத்திலிருந்து திசிரத்திற்கு 75, கண்டத்திற்கு 125, மிசிரத்திற்கு 175 விழுக்காடு.

எனினும், கணக்குப் பொருந்துவதால் மட்டும் கலை பொருந்திவிடாது. 240 துடிப்பு என்பது விநாடிக்கு 4. விநாடிக்கு 3 முறைக்கு மேல் மின்னும் ஒளியை, வலிப்பு அபாயம் கருதி, இணைய அணுகல் நெறிகள் தவிர்க்கச் சொல்கின்றன. வீச்சைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் ஏற்றுவது பார்வையாளருக்குத் தீங்காகலாம். ஆடுபவரின் அடவையும் மறைத்துவிடும்.

இழைவிளக்கும் எல்இடியும்

இழைவிளக்கின் டங்ஸ்டன் இழை சூடேறவும் ஆறவும் நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வேகம் கூடும்போது, பலகை முழு வீச்சைக் கட்டளையிட்டாலும், இழை முழுதும் ஆறுவதற்குள் மீண்டும் சூடேறும். ஒளியின் வீச்சுத் தானாகவே சுருங்கும். எல்இடிக்கு இத்தயக்கம் கிடையாது. ஒவ்வொரு துடிப்பையும் அது முழுதாகக் காட்டும். முன்பு கருவியின் இயல்பே காத்த அளவை இன்று ஒளியமைப்பாளரே அறிந்து காக்க வேண்டும். பழைய எண்களை அப்படியே புதிய விளக்கிற்கு மாற்றுவது, பொருளை மாற்றிவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்வதாகும்.

புறநகர் அரங்குகள்

திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா போன்ற நிறுவனம் தனக்கென அரங்கு கொண்டுள்ளது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியே செல்லும் புறநகரில் அரங்கேற்றங்கள் கல்லூரி அரங்குகளிலும் மண்டபங்களிலும் வாடகை விளக்குகளோடு நிகழ்வதுண்டு. இப்பகுதியில் கண்ட ஓர் அரங்கேற்றத்தில் திரிகாலத் தீர்மானம் முழுவதிலும் பின்திரை ஒளி ஒரே வேகத்தில் துடித்தது. முதற்காலத்தில் அது காலை முந்தியது, மூன்றாங்காலத்தில் பின்தங்கியது. இதனை இயக்குநரின் திறக்குறைவு என்பது நியாயமன்று. நட்டுவனாரோடு ஒத்திகை பார்க்காதவருக்கு எந்தக் காலம் எப்போது மாறும் என்பது எப்படித் தெரியும்?

காலப்பிரமாணம் உயிருள்ளது. நட்டுவனார் 61இல் செல்ல, பலகை 60இல் நின்றால், ஒரே நிமிடத்தில் ஓர் அட்சரம் பிசகும். எனவே வேகத்தை முன்கூட்டியே பதிந்துவிடுவதைவிடக் கையில் வைத்திருப்பதே தக்கது.

ஒளி ஒவ்வோர் அட்சரத்தையும் பின்பற்ற வேண்டுமா என்பது அடுத்த வினா. அட்சரத்தைக் காலும் தாளக்கட்டையும் ஏற்கெனவே சொல்கின்றன. ஒளி அதையே மீண்டும் சொல்வது கூறியது கூறலாகும். ஆதிதாளத்தின் எட்டு அட்சர ஆவர்த்தனத்திற்கு ஓர் அலை என அமைத்தால், 60 அட்சர வேகத்தில் ஓர் அலைக்கு 8 விநாடி. அது கண்ணை உறுத்தாது. தாளத்தின் பேரளவை உணர்த்தும். அபிநயப் பகுதியில் வீச்சைச் சுழியாக்கி ஒளியை நிறுத்துவதும் ஒரு தேர்வே.

முடிவுரை

ஒளிக்குக் காலம் கிடைத்துவிட்ட அரங்கில் ஒளியமைப்பாளரும் தாளம் அறிந்தவராக வேண்டும். அதற்கு நட்டுவனாருடன் ஓர் ஒத்திகையேனும் வேண்டும். விமர்சகர், ‘ஒளியமைப்புச் சிறப்பு’ என்று எழுதுவதோடு அமையாமல், எந்த வீச்சில், யாருடைய காலத்தில் அவ்வொளி அசைந்தது என்று எழுத வேண்டும். தண்ணுமையாசிரியனுக்கு இலக்கணம் வகுத்த மரபில், ஒளியின் காலத்தை ஆள்பவருக்கும் ஓர் இலக்கணம் வகுப்பது நாடகத் தமிழாய்வின் பணியாகும்.