தாடைக் கட்டியும் மிதக்கும் மருத்துவமனையும்

மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் வந்து நிற்கும் மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவமனைக் கப்பல்களை உலகம் இரண்டு புகைப்படங்களால்தான் அறிந்திருக்கிறது. ஒன்றில் முகத்தையே மறைத்துவிட்ட கட்டி, மற்றதில் கட்டி போன பிறகு சிரிக்கும் அதே முகம். இரண்டு படங்களுக்கும் நடுவே நடக்கும் வேலையின் அருமை தெரியாமல் இந்தச் சேவையைக் குறை சொல்வது நியாயமாகாது.

அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி, பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுக்களிலிருந்து கிளம்புகிறது. புற்றுநோய்போல உடலெங்கும் பரவுவது அரிது. வலியும் பெரிதாக இராது. கடைவாய்ப் பல்லருகே கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் முகம் தப்பிக்கும். எடுக்க ஆளில்லாத ஊரில் அது ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. தாடை எலும்பு உள்ளிருந்து ஊதிப் பெருக்கிறது. பற்கள் திசைக்கொன்றாக நிற்கின்றன. நாக்கு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. கஞ்சிதான் இறங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தபடியே உறங்குவோர் உண்டு. கடைசியில் பட்டினியோ மூச்சுத்திணறலோ உயிரை எடுக்கும். அதற்கு வெகு முன்பே, சாபம் என்றும் சூனியம் என்றும் சொல்லி ஊர் அவர்களை ஒதுக்கிவிட்டிருக்கும்.

இப்படிப்பட்டவரை ஆபரேஷன் மேசையில் கிடத்துவதே ஆபத்து. வாய் வழியாகக் குழாய் செலுத்த இடமில்லை. நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கின் வழியாக மெல்லிய கேமராக் குழாயை நுழைத்து மூச்சுப்பாதையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் சிறிது சேர்த்து வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் டைட்டானியம் தகட்டைத் திருகிப் பொருத்துகிறார்கள். பின்னொரு நாள் இடுப்பெலும்பிலிருந்து எலும்பெடுத்து அங்கே வைக்க வேண்டியிருக்கும். ரத்தம் தேவைப்பட்டால் கப்பலின் ஊழியர்களே கை நீட்டுகிறார்கள். அந்த ஊழியர்கள் தன்னார்வலர்கள்; பல ஆண்டுகள் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும்கூடத் தாங்களே கட்டினார்கள்.

1978இல் தொடங்கிய இந்த அமைப்பில், முகத்தாடை அறுவை மருத்துவர் கேரி பார்க்கர் 1980களில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலிலேயே வாழ்ந்தார். இரண்டு வாரம் வந்து கத்தி பிடித்துவிட்டு விமானம் ஏறும் குழுக்களோடு இந்தக் கப்பல் சேவையை ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. மார்க் ஷ்ரைமும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஒப்பாய்வும் இதையே சொல்கிறது: சிக்கலான அறுவைகளில் குறுகிய காலப் பயணக் குழுக்கள் பின்தங்குகின்றன, கப்பல் போன்ற தன்னிறைவான அமைப்புகளும் நிரந்தரச் சிறப்பு மருத்துவமனைகளும் மேலானவை. ஷ்ரைமே இந்தக் கப்பல்களில் அறுவை செய்தவர் என்பதை நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது.

இனி, குறைகள். கப்பல் நகரக்கூடியது, அதன் பெரிய பலவீனமும் அதுதான். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா பிடித்தபோது இந்த அமைப்பின் 'ஆப்பிரிக்கா மெர்சி' கப்பல் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டு மடகாஸ்கருக்குப் போனது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் செனகலின் டக்கார் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது. இரண்டு முடிவுகளுக்கும் தக்க காரணம் இருந்தது. நெருக்கடியான மிதக்கும் கட்டடத்தில் தொற்று நுழைந்தால் கதி என்ன? என்றாலும் லைபீரியாவின், சியரா லியோனின் செவிலியர்களுக்கு அப்படி நங்கூரம் தூக்கிக்கொண்டு போக வழி இருக்கவில்லை. எபோலாவில் அவர்கள் பெரும் எண்ணிக்கையில் மாண்டார்கள்.

அமெலோபிளாஸ்டோமா பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடிய கட்டி. தகடு முறியலாம், தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியலாம், சீழ் பிடிக்கலாம். அன்றைக்கு அந்த நோயாளி யாரிடம் போவார்? அவருடைய ஸ்கேனும் திசுப் பரிசோதனை முடிவும் எந்த மருத்துவமனை அலமாரியில் இருக்கும்? செய்த அறுவைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் தொண்டு அமைப்புகள், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தோம் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

எதை அறுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ராட்சதத் தாடைக் கட்டிக்குக் கப்பல் தேவை, சந்தேகமில்லை. குடலிறக்க அறுவையை உள்ளூர் மருத்துவரே செய்வார். அதையும் கப்பலே இலவசமாகச் செய்து எண்ணிக்கையில் சேர்த்தால், ஊர்க்காரர் தம் மருத்துவரிடம் போகாமல் கப்பலுக்குக் காத்திருப்பார். அந்த மருத்துவர் பிழைப்புக்கு வேறு நாடு பார்ப்பார். காத்திருக்கும் கூட்டத்தின் பரிதவிப்பு எப்படிப்பட்டது என்பதை 2011இல் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரு மைதானம் காட்டியது. கப்பலுக்கு நோயாளிகளைத் தேர்வு செய்யும் நாளில் கூட்டம் வாயிலை நெருக்கியதில் ஒருவர் இறந்தார்.

2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன கணக்கு இது: பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சை 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை; ஆண்டுதோறும் இன்னும் 14.3 கோடி அறுவைகள் தேவை. எத்தனை கப்பல் கட்டினாலும் இந்தக் கடலைத் தாண்ட முடியாது. அதனால்தான் மடகாஸ்கரில் மெர்சி ஷிப்ஸ் குழுவினர் செய்த, படமெடுக்க எதுவுமில்லாத ஒரு வேலை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போய், அறுவைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டிய உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலை மூன்று நாள் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலோர் அதைக் கடைப்பிடித்து வந்தார்கள். கப்பல் போன பின்னும் நின்ற வேலை அது.

2023 முதல் இந்த அமைப்பின் இன்னொரு கப்பலான 'குளோபல் மெர்சி' நாடு நாடாக மாறிக்கொண்டிராமல் ஃப்ரீடவுனுக்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இதை வரவேற்கிறேன். அங்கே ஒவ்வொரு பெரிய தாடை அறுவையிலும் சியரா லியோன் மருத்துவர் ஒருவர் மேசையருகே நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவராக அல்ல, அடுத்த முறை கத்தியைப் பிடிக்கப் போகிறவராக. மூச்சுக்குழாய் செலுத்தும் கருவியும் டைட்டானியத் தகடுகளும் நகர மருத்துவமனைக்கும் போய்ச் சேர வேண்டும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளருக்கு, வலியில்லாத தாடை வீக்கத்தைக் கண்டதும் யாருக்கு போன் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த போனை ஆண்டு முழுக்க எடுக்கிறவர் கரையில் இருக்க வேண்டும்.