தோல்வியின் துயரமும் எழுத்தாளன் பொறுப்பும்

தன் நாட்டின் உதைபந்தாட்ட அணி தோற்றதென்று கண்ணீர் வடிக்கும் மனிதனை அறிவாளிகள் எனப்படுவோர் எள்ளி நகையாடுவது வழக்கம். நாட்கூலிக்கு அல்லற்படுபவன் பந்தொன்று வலைக்குள் விழுந்ததற்காக அழுவானேன் என்பது அவர்தம் வினா. மக்களின் உணர்வை மதியாத இவ்வினாவை நாம் ஏற்பதற்கில்லை. துயரம் உண்மையானது. ஆயின், அத்துயரம் எத்திசையிற் செலுத்தப்படுகிறது, அதனைச் செலுத்துபவர் யாவர், அதிலே எழுத்தாளர் ஆற்றும் பங்கு யாது என்பன விமர்சகன் ஆராயவேண்டியவை. இவ்வாராய்ச்சிக்கு 1950 ஆம் ஆண்டிற் பிரேசில் அடைந்த தோல்வி தக்கதொரு சான்றாகும்.

அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டியைப் பிரேசிலே நடத்தியது. றியோ டி ஜனெய்றோ நகரில் அதற்கெனவே மரக்கானா விளையாட்டரங்கு எழுப்பப்பட்டது. இறுதிச் சுற்றில் நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதின. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றது. யூலை 16 ஆம் திகதி உருகுவேயுடன் நடக்கும் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தாலே கிண்ணம் கைக்கு வந்துவிடும். அரங்கிலே ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். இடைவேளை முடிந்ததும் பிரேசிலுக்கு முதற் கோல் கிடைத்தது. பின்னர் ஸ்கியாபினோவும், ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கையிற் கிஜ்ஜாவும் கோலடிக்க, உருகுவே 2-1 என வென்றது.

இத்துயரின் ஆழத்தை மைதானத்தின் எல்லைக்குள் நின்று அளக்க முடியாது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888 இலேதான். 1950 இல் அந்நாட்டில் வயதுவந்தோருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் எழுத்தறியாதவர். எழுத்தறியாதவர்க்கு 1985 வரை வாக்குரிமை கிடைக்கவில்லை. பாடசாலையும் வாக்குச்சாவடியும் கதவடைத்த மனிதனை 'நாம்' என்று வாய்விட்டுச் சொல்ல அனுமதித்த இடங்களுள் விளையாட்டரங்கு தலையாயது. அந்த 'நாம்' அன்று நொறுங்கியது. அழாமல் அவன் என்செய்வான்?

அழுதவர்களுக்கு விளக்கம் வேண்டியிருந்தது. விளக்கம் கீழ்நோக்கியே பாய்ந்தது. கோல் காப்பாளர் பார்போசா, பின்வரிசை ஆட்டக்காரரான பிகோடே, ஜுவெனல் ஆகிய மூவர்மீதும் பழி விழுந்தது. மூவரும் கறுப்பர் அல்லது கலப்பினத்தவர். முந்திய இரண்டு ஆட்டங்களிற் பதின்மூன்று கோல்களைக் குவித்த அணி அன்று ஒன்றோடு அடங்கியதேன் என்ற வினா அத்துணை உரத்து எழவில்லை. பார்போசா 2000 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பழி அவரைத் தொடர்ந்தது. தம் நாட்டுச் சட்டத்தின் உச்சத் தண்டனை முப்பது ஆண்டுச் சிறையே, தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக அவர் இறுதிக் காலத்திற் கூறினார். அணி உடுத்திருந்த வெள்ளைச் சீருடையுங்கூடக் குற்றவாளியாயிற்று. 1953 இற் பத்திரிகையொன்று நடத்திய போட்டியின் மூலம் இன்றைய மஞ்சட் சீருடை தெரிவு செய்யப்பட்டது. சட்டையை மாற்றலாம், பார்போசா தன் தோலை எங்ஙனம் மாற்றுவார்?

தோல்விக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. உருகுவே 1930 இல் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு. 1950 மே மாதத்திலே அதே உருகுவேயிடம் பிரேசில் 4-3 எனத் தோற்றிருந்தது. அஃது ஒரு தேர்தல் ஆண்டு; அரசியல்வாதிகள் ஆட்டக்காரர் தங்கியிருந்த இடத்தை மொய்த்தனர். ஆட்டம் தொடங்குமுன்னரே றியோ நகர முதல்வர் ஒலிபெருக்கியிற் பிரேசில் அணியை வெற்றிவீரர் என விளித்து உரையாற்றினார். இவ்வாறு மேலிடத்தார் விதைத்த மமதையின் அறுவடையைத் தனியொரு கோல் காப்பாளன் தலையிற் சுமத்தியது எவ்வகை நீதி?

இவ்விடத்திலேதான் எழுத்தாளரை நோக்கி நாம் திரும்பவேண்டியுள்ளது. நாடகாசிரியரும் பத்தி எழுத்தாளருமான நெல்சன் றொட்றிகேஸ் பிரேசிலியரின் தோல்வி மனப்பான்மையை ஆராய்ந்தவர். 1958 மே மாதம், சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டிக்குச் சற்று முன்னர், 'தெருநாய் மனப்பான்மை' என்னும் சொற்றொடரை அவர் வழங்கினார். உலகின் முன்னே பிரேசிலியன் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்கிறான் என்பது அதன் பொருள். தன்னம்பிக்கை ஊட்டுவதே அவர் நோக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவ்வுவமையைச் சற்றே உற்று நோக்குவோம். தெருநாய் என்பது கலப்பினத்து நாய். கலப்பைத் தாழ்வாகக் கருதுபவனுக்கன்றோ அது வசையாகும்! தாழ்வுணர்ச்சியைக் களைய வந்த சொல், அத்தாழ்வுணர்ச்சியைப் படைத்த இனவாதக் கோட்பாட்டையே தன் மடியிற் கட்டிக்கொண்டு வந்தது. மேலும், மரக்கானாத் தோல்வியைப் பிரேசிலின் ஹிறோஷிமா என்றும் அவர் வருணித்தார். ஏகாதிபத்தியத்தின் குண்டுக்கு மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டதையும் ஆட்டமொன்றின் தோல்வியையும் சமன்செய்யும் எழுத்து, துயரத்தை ஊழின் திருவிளையாடலாக்கிவிடுகிறது. ஊழ் என்றாகிவிட்டால் காரணம் கேட்பார் யார்?

அவருடைய தமையனார் மாறியோ ஃபில்யோ வேறு நெறி சென்றார். மரக்கானா அரங்கைக் கட்டவேண்டுமென இயக்கம் நடத்தியவர் அவர். அரங்கின் உத்தியோகபூர்வப் பெயரும் அவருடையதே. பிரேசில் உதைபந்தாட்டத்திற் கறுப்பர் பெற்ற இடத்தைப் பற்றி 1947 இல் அவர் எழுதிய நூல், செல்வர் கழகங்கள் கறுப்பருக்குக் கதவடைத்த வரலாற்றை அம்பலப்படுத்தியது. 1964 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், 1950 இன் பழி கறுப்பர்மீது சுமத்தப்பட்டதையும் அவர் பதிவுசெய்தார். இஃது யதார்த்த எழுத்தின் வலிமை. எனினும் பெலேயும் கறிஞ்சாவும் ஈட்டிய புகழோடு சிக்கலே தீர்ந்துவிட்டதுபோல அவர் நிறைவு கொள்வது பலவீனமே. ஒரு பெலேக்குப் பாடும் வாழ்த்து, ஒரு பார்போசாவுக்கு இழைத்த அநீதிக்குக் கழுவாய் ஆகாது.

இவ்விருவரினும் நம் நெஞ்சைத் தொடுபவர் எதிரணி நாட்டைச் சேர்ந்த உருகுவே எழுத்தாளர் எடுவார்தோ கலியானோ. 1995 இல் வெளிவந்த உதைபந்தாட்டம் பற்றிய நூலில், வெற்றிபெற்ற அணியின் தலைவரான ஒப்தூலியோ வறேலா அன்றிரவைக் கழித்த விதத்தை அவர் கூறுகிறார். வெற்றிக் கொண்டாட்டத்தை விட்டு நழுவிய வறேலா, றியோ நகர மதுக்கடைகளில் தோற்றவர்களின் தோளை அணைத்தபடி விடியும்வரை குடித்திருந்தாராம். இந்த வறேலாவும் கறுப்பின வழித்தோன்றல். 1948 இல் உருகுவே உதைபந்தாட்டக்காரர் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். அதே வெற்றிக்கு அதிகாரிகள் தங்களுக்குத் தங்கப் பதக்கமும் ஆட்டக்காரருக்கு வெள்ளிப் பதக்கமும் வழங்கிக்கொண்டதையும் கலியானோ குறிப்பிடத் தவறவில்லை. நமது கையறுநிலைப் பாடல்கள் இழப்பைப் பாடும். பழி சுமத்த ஆள் தேடுவதில்லை. கலியானோவின் பக்கங்களில் அப்பண்பைக் காண்கிறோம். அதனோடு, வென்றவனும் தோற்றவனும் ஒரே வர்க்கத்தவர் என்ற தெளிவையும் காண்கிறோம்.

2014 யூலை 8 இல் பெலோ ஒறிசொன்ரே நகரிற் பிரேசில் ஜேர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. 1950 ஐ விடப் பன்மடங்கு பெரிய தோல்வி அது. கண்ணீரும் வசையும் அன்றும் இருந்தன. ஆயினும் பார்போசாவைப் போல் எவரும் ஆயுட்கைதி ஆக்கப்படவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 2013 யூனில், பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சியிலே, விளையாட்டரங்குகளின் தரத்தில் மருத்துவமனையும் பாடசாலையும் எங்கே என்று அதே இரசிகர்கள் வீதியில் நின்று கேட்டிருந்தனர். 2014 இல் பிரேசில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் 2015 இல் ஊழல் வழக்கிற் கைதாகி, 2017 இல் நியூயோர்க் நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டார். வினா மேல்நோக்கி எழத் தொடங்கியதன் அறிகுறிகள் இவை.

தோல்விக்கு அழும் மனிதனைத் தேற்றுதற்குப் பொய்யும் உதவும், உண்மையும் உதவும். பொய் அவனுக்கு ஒரு பலிக்கடாவைக் காட்டி அன்றிரவு உறங்கச் செய்யும். உண்மை அவன் அருகில் அமர்ந்து அழவிட்டு, மறுநாட் காலையிற் காரணத்தைக் கேட்கச் செய்யும். மக்கள் இலக்கியம் செய்யவேண்டிய பணி இரண்டாவதே.